மண்டபம் வழியாக வந்தவர்கள்: மூதாதையரின் பெயரைத் தேடும் வழிகள்

போன வருடம் தை மாதம், தமிழ்நாட்டிலுள்ள அகதி முகாம் ஒன்றிலிருந்து என் சித்தியின் மகன் தொலைபேசியில் பேசினான். "அக்கா, தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாருன்னு ஏதாவது பேப்பர் இருக்கா?" என்று கேட்டான்.

அவன் பிறந்தது அந்த முகாமில். இலங்கைக்குத் திரும்ப விரும்புகிறான். திரும்பினால் எந்த நாட்டுப் பிரஜையாகத் திரும்புவது என்பதுதான் சிக்கல். எங்கள் தாத்தா மலையகத்துத் தோட்டத் தொழிலாளி. 1977 வன்செயலுக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். பிரஜாவுரிமை கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமலே செத்துப்போனார். சித்தி 1990இல் இந்தியாவுக்கு ஓடியபோது கையில் எந்த நாட்டின் கடதாசியும் இல்லை.

என்னிடமும் இல்லை. அம்மாவின் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், தாத்தாவின் பழைய கூப்பன் புத்தகம், தொழிற்சங்கப் பற்றுச்சீட்டுகள், இந்தியாவிலிருந்து வந்த சில கடிதங்கள். மலையாளபுரத்திலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று ஒவ்வோர் இடமாக அதைத் தூக்கிக்கொண்டு போனோம். மாத்தளனில் ஒரு பங்கருக்குள் விட்டுவிட்டு எழும்பி ஓடினோம். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அப்படி ஒரு பெட்டி இருந்திருக்கும்.

கடந்த ஒன்றரை வருடமாக அந்தப் பெட்டிக்குள் இருந்தவற்றை வேறு வழிகளில் திரும்ப எடுக்க முயன்றுகொண்டிருக்கிறேன். தம்பி கேட்ட கப்பல் கடதாசி கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதும், அதற்குப் பதிலாக எதைத் தேடலாம் என்பதும் ஓரளவு விளங்கியிருக்கிறது. மலையகத்தில் வேர் உள்ள வன்னிக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நேட்டாலுக்குப் போனவர்களுக்கு இருக்கிறது

தம்பி ஏன் கப்பலைக் கேட்டான் என்றால், தென்னாபிரிக்காவில் வாழும் தமிழர்கள் தங்கள் பூட்டன் வந்த கப்பலை இணையத்தில் கண்டுபிடிப்பதை அவன் பார்த்திருக்கிறான். அது உண்மைதான். 1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்த 'ட்ரூரோ' தொடங்கி, 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 1,52,000 ஒப்பந்தக் கூலிகளுக்கும் கப்பல் பட்டியல்கள் உண்டு. அவர்களில் பெரும்பான்மையினர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். மொரிசியசில் மோக்கா என்ற இடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவகம் இதேபோன்ற பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. அங்கே 1860களிலிருந்து ஒளிப்படங்கள்கூட எடுத்திருக்கிறார்கள். பிஜிக்குப் போனவர்களுக்கும் ஆளுக்கொரு குடியகல்வுச் சீட்டு இருந்தது.

இந்தக் கவனம் அன்பினால் வந்ததல்ல. ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கப்பட்ட ஆள் ஓடிப்போனால் பிடிக்கவேண்டும், செத்தால் கணக்கு முடிக்கவேண்டும், தவணை முடிந்தால் திருப்பியனுப்புவதா இல்லையா என்று பார்க்கவேண்டும். அதற்கு ஆளை அடையாளம் காட்டும் ஏடு தேவைப்பட்டது. அடிமைத்தனத்துக்குக் கிட்டிய ஒரு முறை, பேரப்பிள்ளைகளுக்குப் பெயர்களை மிச்சம்வைத்துவிட்டது.

இலங்கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அப்படி வரவில்லை. இங்கே கங்காணி முறை. கங்காணி ஊருக்குப் போய், முன்பணம் கொடுத்து, சொந்தக்காரரையும் ஊர்க்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார். சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'சுதந்திரமான' தொழிலாளர். ஒப்பந்தம் இல்லை, ஆகவே ஒப்பந்த ஏடும் இல்லை. வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறியது கங்காணியின் கணக்குப் புத்தகத்தில். யார் யார் வந்தார்கள் என்ற பெயர் விபரமும் அதில்தான் இருந்தது. அது அரசாங்கத்தின் சொத்தல்ல, கங்காணி வீட்டுச் சொத்து. பெரிய கங்காணி குடும்பங்களின் வாரிசுகள் யாராவது இன்னும் அப்படியொன்றை வைத்திருந்தால், தயவுசெய்து கறையானுக்குக் கொடுக்கவேண்டாம்.

அரசாங்கம் எண்ணியது தலைகளை. எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பிள்ளை என்று வருடாவருடம் நிர்வாக அறிக்கைகளில் அச்சடித்திருக்கிறார்கள். பெயர்கள் அங்கே இல்லை.

வந்த வழி

எந்த வருடம் வந்தார்கள் என்பது தோராயமாகத் தெரிந்தால், எந்த வழியாக வந்திருப்பார்கள் என்று சொல்லலாம். கோப்பிக் காலத்தில் இராமேசுவரம், தொண்டி பக்கங்களிலிருந்து பாய்மரத் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை சுமார் 150 மைல் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. அந்த வடபாதை 1899இல் மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிப் படகுச் சேவை தொடங்கியது. அதன்பின் பெரும்பாலானோர் இராமநாதபுரம் கரையிலுள்ள மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தி, துணிகளைக் கிருமிநீக்கம் செய்து, பிறகு அந்தப் படகில் ஏற்றப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதியோடு, பயிற்சியில்லாத தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புவதை இந்தியா தடைசெய்தது. ஆகவே 'எங்கள் தாத்தா அறுபதாம் ஆண்டு தோட்டத்துக்கு வந்தவர்' என்று யாராவது சொன்னால், அது தோட்டம் மாறிய வருடமாக இருக்கும். அல்லது ஊருக்குப் போய்த் திரும்பிய வருடமாக இருக்கும்.

கழுத்தில் தகரத் துண்டு கட்டி வந்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது கதையல்ல. 1901 அளவில் கொண்டுவரப்பட்ட முறை. துளையிட்ட சிறிய தகர வில்லை. போய்ச்சேரவேண்டிய தோட்டத்தின் பதிவு எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று அதைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். ஒரு பொதியில் விலாசம் ஒட்டுவதுபோலத்தான். அதிலும் பெயர் இல்லை. இதைக் கங்காணிமார் பயன்படுத்திய 'துண்டு' என்ற கடன் சீட்டோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. துண்டு என்பது, இந்த ஆட்களின் கடனைத் தீர்த்தால் வேறு தோட்டம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எழுதிய கடதாசி. 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

எங்கள் பூட்டன் இருபதுகளில், கைப்பிள்ளையாக இருந்த தாத்தாவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் வழியாக வந்தவர். தாத்தாவின் அண்ணனும் கூட வந்தார். அந்தப் பெரிய தாத்தா சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியப் பிரஜையாகி, 1974இல் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார். அவரை வரவேற்ற இடைத்தங்கல் முகாமும் மண்டபம்தான். 1990இல் பேசாலையிலிருந்து படகில் போன எங்களைக் கொண்டுபோய் வைத்ததும் அங்கேதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மணலும் காற்றும் நீளக் கட்டடங்களும் ஞாபகம் இருக்கின்றன. பூட்டன் படுத்த இடத்தில் படுக்கிறோம் என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. இந்தத் தேடல் தொடங்கியபிறகுதான் எனக்கே தெரியவந்தது.

கப்பல் பட்டியலுக்குப் பதிலாக

நம்மிடம் பெயரோடு உள்ள பெரிய பட்டியல் வந்தபோது எழுதப்பட்டதல்ல. 'நீ இங்கே எப்போது வந்தாய், நிரூபி' என்று பிறகு கேட்டபோது எழுதப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும் என்றது. நமது பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கிறதே, அது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் அதை யோசிக்காமல் நிரப்புவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதான் வாசல்.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ந்து இங்கே வசித்ததை, மணமானவர்கள் ஏழு வருடத்துக்கும் மணமாகாதவர்கள் பத்து வருடத்துக்கும் காட்டவேண்டும். 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் 8 இலட்சத்துக்கும் மேல். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டும். ஊருக்குப் போய்வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்ததால் 'தொடர்ச்சி அறுந்தது' என்று நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

தேடுகிற நமக்கு அந்த விண்ணப்பக் கோப்புத்தான் கப்பல் பட்டியல். கணவன், மனைவி, பிள்ளைகள், தோட்டம், வதிவிட வரலாறு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமும் தேடுகிறவருக்குச் சான்றுதான் என்பதை மறக்கவேண்டாம். கோப்பு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தமாதிரி. பிரஜாவுரிமை பற்றிய விசாரணைக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கே போகவேண்டும். வாய்மொழியாகக் கேட்டு 'அப்படி ஒன்றும் இல்லை' என்ற பதிலோடு திரும்பவேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டால், எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

நான் தொடங்கியது பிறப்புச் சான்றிதழில். சித்தி 1962இல் தோட்டத்தில் பிறந்தவர். பதிவு இலக்கம் தெரியாது. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் தகப்பன் பெயர், தாய் பெயர், தோட்டம், பிறந்திருக்கக்கூடிய காலம் ஆகியவற்றை எழுதிக்கொடுத்து ஏடுகளைத் தேடச்சொல்லலாம், அதற்கொரு கட்டணம் உண்டு. முதல் தடவை இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை இரண்டு வருடம் முன்னும் பின்னும் சேர்த்துத் தேடச்சொன்னேன், கிடைத்தது. சித்தி தன் வயது என்று நம்பியிருந்ததும் ஏட்டில் இருந்ததும் ஒரு வருடம் வேறு. அந்த ஒரு பிரதியில் தோட்டத்தின் பெயரும், இனம் 'இந்தியத் தமிழர்' என்பதும், தாத்தா பிறந்த இடம் இந்தியா என்பதும் இருந்தன.

தோட்டத்துக்கும் போனேன். பழைய செக்ரோல்கள் இல்லை. தோட்டங்கள் அரசுடைமையாகிப் பிறகு கம்பனிகளுக்குப் போனபோது பலவும் குப்பையாகிவிட்டன என்றார் வயதான கணக்கப்பிள்ளை ஒருவர். ஆனால் அவர் சொன்ன ஒரு விடயம் உதவியது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியில் தோட்டத் தொழிலாளரும் அங்கத்தவர்கள். தாத்தாவின் பெயரில் 1960களில் பணம் கட்டப்பட்டிருந்தால், அந்த வருடம் அவர் இந்த நாட்டில் வேலை செய்தார் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எது? தோட்டப் பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டையும் கேளுங்கள். கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இன்னொன்று, தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் வேறு, நம் ஆட்கள் சொல்லும் பெயர் வேறு. பாட்டி சொன்ன பெயரை வைத்துக்கொண்டு பதிவாளரிடம் போனால் அப்படி ஒரு தோட்டமே இல்லை என்பார்கள். முதலில் அந்த இரண்டு பெயரையும் பொருத்திக்கொள்ளவேண்டும்.

எதற்கு 1960கள் என்றால், எல்லாம் 1964 ஒக்டோபர் 30 என்ற ஒரு திகதியில் வந்து நிற்கிறது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்குபோட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்தத் திகதியிலிருந்து இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை உண்டு என்றது. போரினால் இந்தியாவுக்குத் தப்பியோடியவர்கள் இதில் விடுபட்டிருந்தார்கள். 2009இல் வந்த திருத்தம் அவர்களையும் சேர்த்தது. தம்பிக்குத் தேவை இதுதான். தாத்தா வந்த கப்பலின் பெயர் தேவையில்லை. அவர் 1964 ஒக்டோபர் 30இல் இங்கே இருந்தார் என்பதும், சித்தி அவர் மகள் என்பதும், தம்பி சித்தியின் மகன் என்பதும் போதும். இதை அவனுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு நான்கு மாதம் எடுத்தது, ஏனென்றால் எனக்கு விளங்க மூன்று மாதம்.

அக்கரையில் இருக்கும் கடதாசிகள்

ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்திருந்தால், போன பாதியிடம் கேளுங்கள். அவர்கள் எதையும் தொலைக்காமல் வைத்திருப்பார்கள். கோத்தகிரியில் இருக்கும் பெரிய தாத்தாவின் மகளை இருபது வருடத்துக்குப் பிறகு தேடிப்பிடித்துப் பேசினேன். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். பெரியம்மா அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, இராமேசுவரத்தில் இறங்கிய முத்திரை. கடவுச்சீட்டில் பெரிய தாத்தாவின் சொந்த ஊர் எழுதியிருந்தது. துறையூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எங்கள் வீட்டில் 'திருச்சிப் பக்கம்' என்பதற்குமேல் யாருக்கும் தெரியாது.

ஊர் தெரிந்தபின் தேடும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லா இன்றைக்குப் பெரம்பலூர், அரியலூர், கரூர் என்று பல மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பழைய கடதாசியில் உள்ள தாலுகாவை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திருச்சியில்தான் இயங்கியது. அக்காலச் சென்னை மாகாண அரசின் ஆவணங்கள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் தனி ஆளின் பெயரைத் தேடி அங்கே போவது கடலில் ஊசி தேடுவதுதான். ஊரின் குலதெய்வக் கோயிலில் வரி கொடுக்கும் பங்காளிகளைக் கேட்பது அதைவிட விரைவில் பலன்தரும் என்பது என் எண்ணம்.

பெயர்களையும் அப்படியே நம்பக்கூடாது. நேட்டால் பட்டியலில் முனிசாமி 'மூன்சாமி' ஆனார், குப்புசாமி 'கூப்பூசாமி' ஆனார். எழுதியவருக்குக் கேட்டது அது. இங்கே எங்கள் தாத்தா ஒரு கடதாசியில் கருப்பன், இன்னொன்றில் கருப்பையா. தேடும்போது இரண்டையும் கொடுக்கவேண்டும், தகப்பன் பெயரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் போட்டும் பார்க்கவேண்டும். இயலுமென்றால் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் இன்றைக்கே உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள். நான் அம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு இனி ஆள் இல்லை.

ஓர் அலுவலகத்தில், பெயர் சொல்லவேண்டாம், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா வேறொரு கடதாசிக்காக வந்திருந்தார். எதைத் தேடுகிறாய் பிள்ளை என்று கேட்டார். நூறு வருடத்துக்கு முந்திய பட்டியல் என்றேன். தன் மகனைக் கையளித்த நாளின் பட்டியலை இன்னும் தரவில்லை என்றார். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தவராம். சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தாருங்கள் என்பது அந்தத் தாய்மாரின் கோரிக்கை. அதற்குமேல் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவரது இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போனார்.

தம்பியின் கோப்பு இப்போது இந்த நிலையில் இருக்கிறது. சித்தியின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. சேமலாப நிதி பற்றிய தகவல் கேட்டு எழுதியிருக்கிறேன். 1951 விண்ணப்பத்தின் கோப்பு எண் பெரிய தாத்தாவின் பழைய கடிதம் ஒன்றின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தது, ஓர் இலக்கம் சரியாகத் தெரியவில்லை. மூன்றா எட்டா என்று பெரியம்மா கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கிடையில் கருப்பனும் கருப்பையாவும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். தாத்தாவை அந்தத் தோட்டத்தில் தெரிந்த, உயிரோடு இருக்கிற ஒருவரின் கையெழுத்து இருந்தால் நல்லது என்றார்கள். அந்தக் கணக்கப்பிள்ளைக்கு எண்பத்தாறு வயது. வருகிற வெள்ளிக்கிழமை ஹட்டன் பஸ் ஏறுகிறேன்.